ஏழு பேரும் ஒரு பைலாவும்

தமிழ்நாட்டில் இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைச் சட்டப்படி தொடங்க மூன்று வழிகள் உண்டு: அறக்கட்டளை, சங்கம், பிரிவு 8 கம்பெனி. அறக்கட்டளையில், ஒரு தொகையையோ சொத்தையோ பொதுக் காரியத்துக்கு ஒதுக்குகிறவர் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறார். பிரிவு 8 கம்பெனி 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் உரிமம் பெற்று நடப்பது. அதற்குச் செலவும் கணக்கு வேலையும் கூடுதல். வாசகசாலை, இலவச மாலை வகுப்பு, நாடகக் குழு என்று ஊரார் கூடிச் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் பொருந்துவது சங்கம்தான். 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 அதற்குரிய சட்டம்.

சங்கம் பதியக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். சங்கத்தின் பெயர், நோக்கம், நிர்வாகக் குழுவினர் விவரம் ஆகியவை அடங்கிய மெமோரண்டமும், பைலா எனப்படும் துணைவிதிகளும் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரையோ, அரசு நடத்துவது போன்ற தோற்றம் தரும் பெயரையோ வைக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தவறு, வேறொரு சங்கத்தின் பைலாவை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்துகொள்வது. பிணக்கு வரும் நாளில்தான் அதை முதன்முதலாகப் படிக்கிறார்கள். கூட்டத்துக்குக் கோரம் (குறைந்தபட்ச வருகை) எத்தனை பேர், சந்தா கட்டாதவருக்கு ஓட்டு உண்டா, உறுப்பினரை நீக்குவது யார், காசோலையில் ஒருவர் கையெழுத்துப் போதுமா, செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து போட வேண்டுமா என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தாக வேண்டும். பிறகு மாற்றுவது எளிதல்ல. 21 நாள் முன்னறிவிப்போடு பொதுக்குழுவைக் கூட்டி, வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவுடன் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் திருத்தமும் பதிவாளரிடம் பதிவான பிறகே செல்லும்.

நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடி வரவுசெலவை ஏற்க வேண்டும். தணிக்கையான கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும்.

சங்கத்தின் உயிர் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டம் நடந்த நாள், இடம், வந்தவர்களின் கையெழுத்து, தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முடிவில் தலைவர் கையெழுத்து என எல்லாம் அன்றைக்கே ஏற வேண்டும். இரண்டு தீர்மானங்களுக்கு நடுவே காலி இடம் விட்ட புத்தகம், பின்னால் எதையோ எழுதிச் சேர்க்கத்தான் விட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு இடம் தரும்.

நல்ல வேலை செய்யும் சங்கங்கள்கூடப் பதிவாளருக்குத் தகவல் தருவதில்தான் தடுக்கி விழுகின்றன. நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்டால், அரசு ஏட்டில் பழைய செயலாளரே செயலாளர். புதியவர் வங்கிக்குப் போனால், பதிவாளர் சான்றிட்ட பட்டியல் கேட்பார்கள். கணக்கு முடங்கும், மாலை வகுப்பு ஆசிரியருக்குச் சம்பளம் நிற்கும். முறைகேடு எழுந்தால் விசாரிக்கவும், செயலற்றுக் கிடந்தால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு.

பதிவு செய்தாலே வரிவிலக்கு வந்துவிடும் என்று நினைப்பது தவறு. வருமானவரித் துறையிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ‘12ஏ’, ‘80ஜி’ என்று ஆடிட்டர்கள் சொல்வது 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் பிரிவுகளை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம்; அதில் எண்கள் வேறு. ‘12ஏ’ சங்கத்தின் வருமானத்துக்கு விலக்கு. ‘80ஜி’ நன்கொடை கொடுப்பவருக்குச் சலுகை. விலக்குப் பெற்ற அமைப்பு பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை இல்லை.

வெளிநாட்டுப் பணத்துக்கு விதி இன்னும் இறுக்கம். 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, மத்திய உள்துறை அமைச்சகத்திடம் பதியாமலோ முன்அனுமதி பெறாமலோ ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட உள்ளூர்க்காரர் பாசத்தோடு அனுப்பினாலும் அது அயல்நாட்டு நன்கொடையே. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் புது தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. பெரிய நிறுவனம் வாங்கிப் பகிர்ந்ததை நம்பியிருந்த கிராமத்து அமைப்புகளை இது கடுமையாகப் பாதித்தது.

சங்கத்தைக் கலைக்கவும் முறை இருக்கிறது. பொதுக்குழு தீர்மானம் போட்டு, முதலில் கடன்களை அடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. மாலை வகுப்பின் கரும்பலகையும் பெஞ்சும் அலமாரியும்கூட அதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும்.