'ஒய்' அழுத்தும் முன் ஒரு நிமிஷம்!

2025, மே 30. வெள்ளிக்கிழமை. மாலை நாலரை மணி.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு எங்கள் ஆபீஸில் ஒரு தனி வாசனை உண்டு. சம்பள வாசனை! 38 பேரும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்து போவார்கள். "பேனா இருக்கா சார்?" என்பார் ஒருத்தர். "ஃபேன் ஓடுதா சார்?" என்பார் இன்னொருத்தர். கண் மட்டும் என் கம்ப்யூட்டர் திரை மேலேயே இருக்கும்.

அன்றைக்குத் திரையில் சம்பளம் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது.

'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1: கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்...'

எனக்குப் புரிந்தது 'எரர்' என்ற முதல் வார்த்தை மட்டும்தான். மிச்சத்தைப் படிக்கவில்லை. நம்மில் யார் படிக்கிறோம்? பஸ்ஸில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டா கையை உள்ளே இழுத்தோம்? எதிரே லாரி வந்ததும்தானே இழுத்தோம்!

எங்கள் ஆபீஸில் லினக்ஸ் வந்த கதை சுருக்கமானது. லைசென்ஸ் காசு மிச்சம் என்று முதலாளி சொன்னார், வந்துவிட்டது. உபுண்டு 20.04. வருஷக்கணக்கில் ஒரு முணுமுணுப்பில்லாமல் ஓடியது. அந்தப் பதிப்புக்கு இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிகிறது என்று முதலாளி எங்கேயோ படித்துவிட்டார். "புதுசுக்கு மாத்திடுப்பா. சும்மாதானே இருக்கே!" என்றார். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து 22.04-க்கு மாற்றினேன். கடைசியில் அது என்னமோ கேட்டது. 'ஒய்' அழுத்தினேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த 'ஒய்'தான் வில்லன் என்பது அப்போது தெரியாது.

● மாப்பிள்ளை அழைப்பு!

என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரில் சர்வர்களோடு குடும்பம் நடத்துகிறவன். போன் போட்டேன்.

"மாப்ளே, சிஸ்டம் செத்துப் போச்சுடா!"

"செத்துப் போனா எப்படி மாமா எரர் காட்டும்? என்ன எழுதியிருக்கு, படிங்க."

"என்னமோ எரர்னு..."

"என்னமோங்கறதை விடுங்க. எழுத்தெழுத்தா படிங்க மாமா."

படித்தேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"மாமா, அது உங்களைத் திட்டலை. அட்ரஸ் சொல்லுது. 'எனக்கு இந்தப் பேர்ல ஒருத்தர் வேணும், ஆளைக் காணோம்'னு மரியாதையா சொல்லுது. நீங்கதான் காதுல வாங்கலை."

லினக்ஸில் நான் கற்ற முதல் பாடம் இதுதான். 'லிப்' என்றால் லைப்ரரி, அதாவது நூலகம். 'எஸ்ஓ' என்றால் பலரும் பகிர்ந்துகொள்ளும் கோப்பு. கடைசியில் வரும் 1.1 அதன் பதிப்பு எண். பெயர், இனிஷியல், வயசு மூன்றும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. போலீஸ் ஸ்டேஷனில் காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க வேறென்ன வேண்டும்?

● மேன்ஷன் அயர்ன் பாக்ஸ்

அதென்ன பகிர்ந்துகொள்ளும் நூலகம்? திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் குடியிருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். எட்டு அறை, எட்டுப் பிரம்மச்சாரி, ஒரே அயர்ன் பாக்ஸ். ஆளுக்கொன்று வாங்கினால் காசும் தண்டம், வைக்க இடமும் இல்லை. வராந்தாவில் ஒன்று இருக்கும். வேண்டியவர் வந்து தேய்த்துக்கொள்ள வேண்டியது.

கம்ப்யூட்டரிலும் அதே கதை. ரகசியமாகப் பூட்டிப் பேசும் வேலையை ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகம் அதைச் செய்து தருகிறது. மற்றவர்கள் அதை அழைத்துக்கொள்கிறார்கள். இடம் மிச்சம், மெமரி மிச்சம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டு உலகமே நடுங்கியது. பகிர்ந்த நூலகமாக இருந்ததால், அந்த ஒன்றை மாற்றி, சர்வர் புரோகிராம்களை ஒரு தடவை நிறுத்தி ஓடவிட்டால் போதும்; அத்தனையும் பத்திரம். தனித்தனியாக இருந்திருந்தால் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது? மேன்ஷன்காரர் ஒருநாள் பழைய அயர்ன் பாக்ஸைத் தூக்கிவிட்டுப் புதுசு வைக்கிறார். புதுசுக்கு மூன்று முனை பிளக். உங்கள் அறையில் இரண்டு துளைதான். பாக்ஸும் நல்ல பாக்ஸ், அறையும் நல்ல அறை. ஆனால் சட்டை கசங்கித்தான் இருக்கும்!

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூன்றாம் பதிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. உபுண்டு 22.04 அதைத்தான் வைத்துக்கொண்டது. எங்கள் சம்பள மென்பொருளோ பழைய 1.1-ஐ நம்பி எழுதப்பட்டது. பதிப்பு மாற்றத்தின் முடிவில், 'சில பழைய பேக்கேஜ்களுக்கு இனி வேலையில்லை, நீக்கட்டுமா?' என்று உபுண்டு கேட்டதே... 'டி' அழுத்தினால் பட்டியலைக் காட்டுகிறேன் என்றும் பக்கத்திலேயே சொல்லியிருந்தது. நான் 'ஒய்' அழுத்தினேன். 38 பேர் சம்பளத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டது என் ஆள்காட்டி விரல்!

● மூன்றே கேள்வி

"மாமா, லைப்ரரி தகராறு எதுவா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. இல்லையா? இருந்தும் கண்ணுல படலையா? இருந்தும் வேற வயசா?" என்றான் மாப்பிள்ளை.

முதல் கேள்விக்கு 'எல்டிடி' என்ற மூன்றெழுத்துக் கட்டளை. அதை அடித்து, பக்கத்தில் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால், அதற்கு வேண்டிய நூலகங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். கிடைக்காதவற்றின் எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்றிருக்கும். எரர் வரி ஒரு பெயரைச் சொன்னதோடு நின்றுவிடும். எல்டிடி முழு ஜாதகத்தையும் கொடுக்கும். எனக்கு லிப்எஸ்எஸ்எல்லோடு லிப்கிரிப்டோ என்ற அண்ணனையும் காணோம் என்று காட்டியது. ஒரு எச்சரிக்கை: முன்பின் தெரியாத புரோகிராமை எல்டிடியிடம் கொடுக்கக் கூடாது. சில சமயம் பார்க்கிற சாக்கில் அதை ஓட்டியே விடும்.

காணாமல் போனது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேட, உபுண்டு, டெபியன்காரர்களுக்கு 'ஆப்ட்-ஃபைல் சர்ச்'. முன்னதாக அந்தக் கருவியை நிறுவிக்கொள்ள வேண்டும். ஃபெடோராகாரர்களுக்கு 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்'. பெயர் தெரிந்தால் நிறுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பத்தில் பல கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, இருந்தும் கண்ணில் படாதது. நீங்களே கம்பைல் செய்து 'மேக் இன்ஸ்டால்' போட்ட நூலகம் சமர்த்தாக யூஎஸ்ஆர் லோக்கல் லிப் என்ற அறையில் உட்கார்ந்திருக்கும். ஆனால் லினக்ஸ் ஒவ்வொரு தடவையும் அறை அறையாகத் தேடாது. ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. புதுசாகக் குடிவந்தவர் பெயர் அதில் ஏறவில்லை என்றால் 'அப்படி யாரும் இல்லையே' என்று அனுப்பிவிடும். 'எல்டிகான்ஃபிக்' என்று சூடோ போட்டு ஒரு தடவை ஓட்டினால் பதிவேடு புதுப்பிக்கப்படும். அதோடு 'மைனஸ் பி' சேர்த்து அடித்தால் பதிவேட்டையே படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, வயசு வித்தியாசம். என்னுடைய கேஸ்.

● நம்பர் பிளேட் மோசடி

மாப்பிள்ளையோடு பேசுவதற்கு முன்னாலேயே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். பக்கத்து சீட் தம்பி, "சார், மூணாம் நம்பர் இருக்குல்ல? அதுக்கே 1.1-னு பேர் வச்சு ஒரு லிங்க் போட்டுடுங்க. கண்டுபிடிக்காது" என்றான். போட்டேன். கண்டுபிடித்துவிட்டது! 'ஓப்பன்எஸ்எஸ்எல் 1_1_0 என்ற வெர்ஷன் இதில் இல்லையே' என்று புதுசாக ஒரு வரி வந்தது.

"மாமா, மொபெட்டுக்கு புல்லட் நம்பர் பிளேட் மாட்டினா மொபெட் புல்லட் ஆயிடுமா? உள்ள எஞ்சின் வேற. அந்த லிங்கை முதல்ல எடுத்துடுங்க."

எடுத்தேன். அது உடனே மாட்டிக்கொண்டதில் நமக்கு நல்லதுதான். மாட்டாமல் ஓடி, கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால்? பியூனுக்கு முதலாளி சம்பளம் போயிருக்கும். பியூனைத் தவிர யாருக்கும் சந்தோஷம் இருந்திருக்காது!

● எட்டே முக்காலுக்கு வந்த சம்பளம்

பிறகு மாப்பிள்ளை சொல்லச் சொல்லச் செய்தேன். உபுண்டுவின் சொந்தக் கிடங்கிலிருந்து 20.04-க்கான பழைய பேக்கேஜை இறக்கினேன். ("தேடினா கிடைக்கிற கண்ட சைட்டிலேர்ந்து இறக்காதீங்க. ரோட்டுல கிடக்குற மாத்திரையை எடுத்து முழுங்குவீங்களா?") அதை நிறுவவில்லை. 'டிபிகேஜி-டெப்' கட்டளையோடு 'மைனஸ் எக்ஸ்' சேர்த்து, ஒரு தனி ஃபோல்டரில் பிரித்து மட்டும் வைத்தேன். அதிலிருந்த லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ இரண்டையும் சம்பள மென்பொருளின் வீட்டுக்குள்ளேயே குடிவைத்தேன். அதைக் கிளப்பும்போது மட்டும் 'எல்டி லைப்ரரி பாத்' என்ற குறிப்பில் அந்த ஃபோல்டரைக் காட்டும்படி இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஊருக்கெல்லாம் புது பாக்ஸ். இந்த ஓர் அறைக்கு மட்டும் பழைய பாக்ஸ்!

மறுபடி எல்டிடி. 'நாட் ஃபவுண்ட்' ஒன்றுகூட இல்லை. எட்டே முக்காலுக்கு மென்பொருள் திறந்தது. ஒன்பதரைக்கு வங்கிக் கோப்பு தயார். 38 பேரில் முப்பது பேர் அதுவரை வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மறுநாள் காலையில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டார். 'ஒய்' அழுத்திய அதே கை.

"இது கட்டுப்போட்ட மாதிரிதான் மாமா, வைத்தியம் இல்லை. 1.1.1-க்கு அதை எழுதறவங்களே 2023 செப்டம்பரோட இலவச ஆதரவை நிறுத்திட்டாங்க. ஆபீஸுக்குள்ள மட்டும் ஓடட்டும். இன்டர்நெட் பக்கம் விடாதீங்க. சீக்கிரம் புதுசுக்குக் கம்பைல் பண்ண ஆள் பாருங்க" என்றான். பார்த்தோம். செய்தும் முடித்தோம்.

● பெரிய மனுஷர்களும் விழுந்த குழி

எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. லினஸ் செபாஸ்டியன் என்று கனடாவில் ஒரு யூடியூப் பிரபலம். (லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு, இவர் வேறு.) 2021-ல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் 'ஸ்டீம்' என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். 'முக்கியமான பேக்கேஜ்கள் எல்லாம் நீங்கப் போகின்றன. நிச்சயம்தானா? அப்படியென்றால், யெஸ், டூ ஏஸ் ஐ சே என்று முழுசாக அடியுங்கள்' என்று எச்சரித்தது. மனுஷர் எழுத்துப் பிசகாமல் அடித்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது! பேக்கேஜில் கோளாறு இருந்தது நிஜம். ஆனால் எச்சரிக்கையும் இருந்தது நிஜம்.

தலைவலியும் புதுசில்லை. 1997 டிசம்பரில் ரெட்ஹேட் 5.0 வந்தபோது அடிப்படை சி நூலகமே ஐந்திலிருந்து ஆறுக்கு மாறி, பழைய புரோகிராம்கள் தடுமாறின. ஒன்றை நிறுவப் போனால் இன்னொன்று வேண்டும், அதற்கு மற்றொன்று வேண்டும் என்று கையால் தேடித் தேடி அலைந்த காலம். 1999 மார்ச்சில் டெபியன் 2.1-ல் ஆப்ட் வந்த பிறகுதான் அந்தத் தேடலை மிஷினே செய்ய ஆரம்பித்தது.

அதனால் வாசகர்களுக்கு இரண்டு 'கூடாது'கள்.

நிறுவும்போது 'பூட்டு கிடைக்கவில்லை' என்று வந்தால் பூட்டுக் கோப்பை அழிக்கக் கூடாது. பெரும்பாலும் பின்னால் தானாக ஓர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். பாத்ரூம் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் கதவையா உடைப்போம்? ஐந்து நிமிஷம் பொறுங்கள்.

'ஜிலிப்சி 2.34 இல்லை' என்ற மாதிரி வந்தால், எங்கிருந்தோ புது ஜிலிப்சியைக் கொண்டுவந்து பழையதன் மேல் எழுதக் கூடாது. கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராமும் நிற்பது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான். அது போனால் கோப்புகளின் பெயரைப் பார்க்கும் 'எல்எஸ்'கூட ஓடாது. உங்கள் பதிப்புக்கென்று கட்டிய புரோகிராமைத் தேடுங்கள். இல்லையென்றால் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டுங்கள்.

இப்போதெல்லாம் நான் மாறிவிட்டேன். எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விதான். போன வாரம் "காப்பிப் பொடியைக் காணோமே" என்று சமையலறையில் நின்று யோசித்தேன். இல்லையா? இருந்தும் கண்ணில் படவில்லையா? வேறு பதிப்பா?

ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"டப்பா மேல பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன். முதல்ல அதைப் படிங்க!"