10,000 வெள்ளியில் டிரிஃப்ட் கார்: காசு எதற்குப் போக வேண்டும்?

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத்துக் கார்ப் பட்டறைகளில் மாலை நேரத்தில் இந்தக் கேள்வி எழுவது புதிதல்ல: "அண்ணே, பழைய செஃபிரோ ஒன்னு விலைக்கு வருதாம். கொஞ்சம் காசு போட்டா டிரிஃப்ட் காடி பண்ணிடலாமா?" கேட்பவருக்கு 20, 22 வயது இருக்கும். பத்து பெரெண்டாமில் தொழிற்சாலை வேலையோ, பட்டறையிலேயே வேலையோ பார்ப்பவர். கையில் சேமிப்பு சில ஆயிரம் வெள்ளி. மீதிக்குக் கூட்டு எடுக்கலாம் என்பது கணக்கு.

பண்ணலாம். ஆனால் பலர் அந்தப் பணத்தை முழுவதுமாகக் காரிலும் அதன் இயந்திரத்திலும் கொட்டிவிடுகிறார்கள். ஒருமுறைகூட தடத்தைப் பார்க்காமல் வீட்டுப் பின்புறம் செங்கல் மேல் நிற்கும் கார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதை. டயருக்கும், இழுத்துச் செல்லும் லாரிக்கும், தடத்தின் நுழைவுக் கட்டணத்துக்கும் பணம் மிஞ்சியிருக்காது.

டிரிஃப்ட் என்பது பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, காரைப் பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவைக் கடப்பது. ஜப்பானின் மலைச் சாலைகளில் வளர்ந்த கலை. கெய்ச்சி சுச்சியா என்ற ஓட்டுநர் 1987இல் வெளிவந்த ஒரு வீடியோவில் டொயோட்டா ஏஇ86 காரை ஓட்டிக் காட்டியது இதை உலகறியச் செய்தது. அந்தக் காரில் இருந்தது வெறும் 1.6 லிட்டர் இயந்திரம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் நாட்டில் இந்த விளையாட்டில் பெயர் பெற்றவர் டெங்கு ஜான். புரோட்டோனின் ஆர்3 பிரிவை வழிநடத்தியவரும் அவரே.

முதல் நிபந்தனை, இயந்திரத்தின் விசை பின் சக்கரத்துக்குப் போக வேண்டும். சாகா, வீரா, கஞ்சில், மைவி எல்லாம் முன் சக்கரத்தால் ஓடுபவை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அவற்றின் வால் ஒரு கணம் சுழலும், அவ்வளவுதான். சறுக்கலைப் பிடித்து வைக்க முடியாது. மைவியால் ஆகாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவர்களுக்கு இது வருத்தமான செய்தி.

அப்படியானால் எந்தக் கார்? மலேசியாவில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் நிசான் செஃபிரோ ஏ31. 1988 முதல் 1994 வரை தயாரானது. ஆறு சிலிண்டர், 2 லிட்டர் ஆர்பி20 இயந்திரம், பின் சக்கர இயக்கம். ஒரு காலத்தில் அலுவலக அதிகாரிகள் ஓட்டிய குடும்பக் கார் அது. எல்லோரும் தேடத் தொடங்கியதால் இன்று நல்ல நிலையில் மலிவாகக் கிடைப்பது அரிது. டிஎக்ஸ் என்று அழைக்கப்படும் கேஇ70 கொரோலாவும் அப்படித்தான்; எடை குறைவு, கற்றுக்கொள்ளச் சுலபம், ஆனால் பழைய கார் பிரியர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். அதிகம் பேர் கண்ணில் படாதவை ஷா ஆலாமில் பொருத்தப்பட்ட வோல்வோ 740, 940. உருவம் பெட்டி போல இருந்தாலும் உறுதியானவை. இவற்றில் பல ஆட்டோ கியர் என்பதுதான் சிக்கல். ஆட்டோவை மேனுவலாக மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், பெடல், புரொபெல்லர் ஷாஃப்ட் என்று செலவு நீளும். அதனால் முதலிலேயே மேனுவல் கார் வாங்குவது, நூறு, இருநூறு கூடினாலும், லாபம்.

கையில் 10,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காருக்கு 5,000க்கு மேல் போகக் கூடாது. ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட், எண்ணெய், பிரேக் வேலைக்கு 1,500. சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், டை ராட், டிஃப் வேலைக்கு 1,000. இருக்கை, ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான் இவற்றுக்கு இன்னோர் 1,000. மீதி 1,500ஐத் தொடவே கூடாது. அது முதல் இரண்டு, மூன்று பயிற்சி நாள்களுக்கான டயர், லாரி, கட்டணப் பணம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும், பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் குறையும். ஆனால் இந்தப் பங்கீட்டை மாற்றி, காருக்கே 8,000 கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் கடனில்தான் நடக்கும். இவ்வளவு பழைய காருக்கு வங்கி கடன் தராது என்பதால் சிலர் ஆ லோங் பக்கம் திரும்புகிறார்கள். அங்கே வாங்கிய கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கடைசியில் தாயும் தகப்பனுமாகத்தான் இருப்பார்கள்.

கார் பார்க்கப் போகும்போது பெயிண்ட்டைப் பார்க்காமல் கிராண்டைப் பார்க்க வேண்டும். கிராண்டில் உள்ள சேசி எண், காரில் பொறித்த எண், இயந்திர எண் மூன்றையும் ஒப்பிட வேண்டும். "கிராண்ட் செத்த" கார் பாதி விலைக்குக் கிடைக்கும், தடத்தில் மட்டும்தானே ஓடப் போகிறது என்பார்கள். ஆனால் அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்று நாளை காவல்துறை கேட்டால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியது குற்றவியல் சட்டத்தின் 411ஆவது பிரிவின் கீழ் குற்றம். விற்பவர் பெயரும் கிராண்டில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

பிறகு காரின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலும், ஜாக்கி வைக்கும் இடங்களிலும் துரு தகட்டைத் தின்றிருந்தால் அதற்கு மேல் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

இனி டிஃப். சாதாரண டிஃப்ரன்ஷியல் வளைவில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும். வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் அன்றாட ஓட்டத்துக்கு இது அவசியம். டிரிஃப்டில் இதுவே தடை. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மீது பாரம் குறைந்து பிடி தளரும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த ஒரு சக்கரம் மட்டும் புகை கக்கிக்கொண்டு சும்மா சுழலும், கார் சறுக்காது. இரண்டும் சேர்ந்து சுழல வேண்டும். அதற்கென்றே உள்ள எல்எஸ்டி விலை அதிகம். ஏழையின் வழி, டிஃபின் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து பூட்டிவிடுவது.

டிராக்டர் கொக்கியையும் டிரெய்லர் சட்டத்தையும் ஆண்டுக்கணக்கில் வெல்டிங் செய்த தோட்டப் பட்டறைக்காரர்களுக்கு இது கைவந்த வேலை போலத் தோன்றும். ஆனாலும் இரண்டு விஷயம். எண்ணெய்ப் பசை ஒரு துளி இல்லாமல் கழுவிக் காயவைத்த பின்பே வெல்டிங் வைக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் பிடித்தது போல் இருந்து பிறகு பிளக்கும். உடைந்த துண்டு பல்சக்கரங்களுக்கு இடையே மாட்டினால் ஓட்டத்திலேயே பின் சக்கரங்கள் இறுகிவிடும். வேலை முடிந்த பின் சிதறிய உலோகத் துணுக்குகளை எல்லாம் கழுவி எடுத்து, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வெல்டிங் செய்த டிஃப் உள்ள கார் திரும்பும்போதெல்லாம் டயர் கிறீச்சிடும். மழையில் சாதாரண வளைவிலேயே வால் வழுக்கும். அந்தக் காரில் மறுநாள் வேலைக்குப் போகலாம் என்று நினைப்பது ஆபத்து.

அடுத்தது சூடு. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு எதிர்க்காற்றே பாதிக் குளிர்ச்சி. டிரிஃப்டில் இயந்திரம் உச்சச் சுழற்சியில் கதறும், கார் மெதுவாகவும் பக்கவாட்டிலும் போகும், காற்று ரேடியேட்டருக்குள் நேராக நுழையாது. போதாததற்கு மலாக்கா வெயில். 30 ஆண்டு பழைய ரேடியேட்டர் இதைத் தாங்காது. ஹெட் கேஸ்கெட் போனால் மொத்தப் பணமும் அங்கேயே போய்விடும். டர்போ வாங்கும் பணத்தில் கால்வாசியை நல்ல ரேடியேட்டர், மின்விசிறி, புது ஹோஸ், தெர்மோஸ்டாட், சரியாக வேலை செய்யும் சூடு காட்டும் மீட்டர் ஆகியவற்றில் போட்டால் கார் பல மாதம் ஓடும்.

டர்போ வேண்டாமா என்றால், முதல் ஆண்டு வேண்டாம். ஹாஃப்-கட் கடையில் ஆர்பி20 டர்போவோ 1ஜேஸட்டோ தொங்குவதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். விசை அதிகமானால் டயர் வேகமாகத் தேயும், கிளட்ச் உடையும், சூடு ஏறும், தவறு நடந்தால் வேகமாக நடக்கும். விசை குறைந்த காரில் ஓட்டுநர் கிளட்ச்சைச் சட்டென மிதித்து, சுழற்சியை ஏற்றி, படக்கென விட்டுப் பின் சக்கரத்தை வழுக்க வைக்கப் பழகுகிறார். எடையை முன்னும் பின்னும் மாற்றி வளைவுக்குள் நுழையப் பழகுகிறார். நனைந்த தரையில் இந்தப் பயிற்சிக்குச் சிறிய இயந்திரமே போதும், டயரும் மிச்சம். அதோடு, இயந்திரத்தை மாற்றிய காரைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் சோதனையும் தேவைப்படும்.

முன் டயர் இரண்டும் நல்லதாக இருக்க வேண்டும். காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவைதான். பின் டயர் பழையதாக இருக்கலாம், ஆனால் கம்பி வெளியே தெரியக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது மலிவாகத் தெரியும், ஆனால் சக்கரம் மேலும் கீழும் போக இடமில்லாமல் குதித்து, பிடி திடீரென விட்டுப்போகும். தேய்ந்த புஷ்ஷையும் டை ராடையும் மாற்றுவது அதைவிடப் பயன் தரும். ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் பிறகு வாங்கலாம், இருக்கும் கேபிளை இறுக்கி, ஷூவை மாற்றினால் இப்போதைக்கு ஓடும்.

ஹெல்மெட் விஷயத்தில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதும் என்று சிலர் சொல்வார்கள். கார்ப் பந்தயத்துக்கான எஸ்ஏ தர ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் அது கிடையாது. தீயணைப்பானை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இரும்புப் பட்டையால் பிடித்து வைக்க வேண்டும். சும்மா தரையில் உருட்டிவிட்டால் அதுவே பெடலுக்கு அடியில் போய் மாட்டும்.

கார் தயார். எங்கே ஓட்டுவது? சாலையில் இல்லை. இரவு தொழிற்பேட்டைச் சந்திகளிலும் ரவுண்டபவுட்களிலும் சறுக்கிக் காட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவின் கீழ் ஆபத்தாக ஓட்டிய குற்றமாகும். 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. காருக்குப் போட்ட மொத்தப் பணத்தைவிட அபராதம் கூடிவிடலாம். சாதாரணக் காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதால், யார் மீதாவது மோதிவிட்டால் அதன் பிறகு வரும் செலவு வாழ்நாள் கடன்.

தோட்டத்துச் செம்மண் சாலை காலியாகத்தானே கிடக்கிறது என்ற எண்ணமும் வரும். 2002இல் உலக ராலி போட்டியின் புரொடக்‌ஷன் கார் பிரிவில் புரோட்டோன் பெர்ட்டை ஓட்டி வாகை சூடிய நம் நாட்டு கரம்ஜித் சிங்கின் துறையே மண் சாலைதான். மலேசிய ராலி ஜோகூர் செம்பனைத் தோட்டச் சாலைகளில் நடந்திருக்கிறது. ஆனால் அப்போது சாலை மூடப்பட்டிருக்கும், மார்ஷல்களும் ஆம்புலன்ஸும் நிற்கும். புக்கிட் ஆசாகானிலோ கெமுனிங்கிலோ மாலை ஐந்து மணிக்கு அதே சாலையில் பால் மரம் வெட்டியவரும், பழக்குலை ஏற்றிய டிராக்டரும், சைக்கிளில் பிள்ளையும் வருவார்கள். நிர்வாகி அனுமதி கொடுத்தாலும் அங்கே செய்யக் கூடாத வேலை இது.

மலாக்காவில் எம்ஐஎம்சி எனப்படும் மோட்டார் விளையாட்டுத் தடம் இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் தடமும் எட்டும் தூரத்தில்தான். டிரிஃப்ட் பயிற்சிக்கு எந்த நாள், என்ன கட்டணம், என்னென்ன பாதுகாப்புச் சாதனம் வேண்டும் என்பதைக் கார் வாங்குவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது. காரில்லாமல் ஒரு நாள் போய் நின்று பார்த்தால் இன்னும் நல்லது. அங்கே எந்தக் கார் நாள் முழுவதும் ஓடுகிறது, எது பத்து நிமிடத்தில் ஆவி விட்டு நிற்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ஓட்டத்தில் 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது இங்கே பட்டாசு வெடிக்காத குறைதான். அந்த ஓட்டத்திலும் முதல் வேலை, கடைசி மணி வரை காரை நிற்காமல் ஓட வைப்பதுதான்.

பிள்ளை இப்படிக் காரைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர், அவன் கையில் இருக்கும் வேலையையும் ஒருமுறை பார்க்கலாம். டிஃபைக் கழற்றிப் பொருத்தவும், சூட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கவும் தெரிந்தவருக்கு எஸ்கேஎம் வாகனப் பிரிவுச் சான்றிதழ் எட்டாத ஒன்றல்ல. அலோர் காஜாவில் உள்ள அட்டெக் போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களில் என்ன பிரிவுகள் உள்ளன என்று விசாரித்துப் பார்க்கலாம்.

முதல் நாள் தடத்துக்குப் போகும்போது இரண்டு கூடுதல் பின் டயர் ரிம்மோடு, ஜாக்கி, ஸ்டாண்ட், இருபது லிட்டர் தண்ணீர், இயந்திர எண்ணெய், பிரேக் எண்ணெய், கேபிள் டை, ஒரு சட்டைப்பை நிறைய நட்டு போல்ட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் இயந்திரத்தை ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் சக்கர நட்டுகளையும் டிஃபின் கசிவையும் பார்த்துவிடலாம். லாரிக்காரரிடம் போகும் வழிக்கு மட்டுமல்ல, திரும்பி வரும் வழிக்கும் காலையிலேயே விலை பேசிவிட வேண்டும். மாலையில் கார் உடைந்து நிற்கும்போது பேசினால் விலை வேறாக இருக்கும்.