கால் மைலில் முறியும் அச்சு

மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை விழுகிறது. 450 குதிரைச் சக்தி கொண்ட எஞ்சின் உறுமுகிறது. கிளச்சிலிருந்து கால் எடுபடுகிறது. மறு கணம் கார் அம்பாய்ப் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை! காரின் அடியிலிருந்து வேட்டுப் போட்டாற்போல் ஒரு சத்தம். எஞ்சின் மட்டும் சுமையின்றி அலறுகிறது. கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பக்கத்துப் பாதையில் நின்ற போட்டிக் காரோ கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது.

அமெரிக்காவின் 'டிராக் ரேஸ்' மைதானங்களில் இது அபூர்வமான காட்சி அல்ல. ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்துச் சீராக்கிய எஞ்சினுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. முறிந்தது, யாரும் குனிந்துகூடப் பார்க்காத பின் அச்சு.

டிராக் ரேஸ் என்பது மிக எளிமையான பந்தயம். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேரான பாதையில் இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை, யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் போட்டி. தெருக்களிலும் கைவிடப்பட்ட விமானத் தளங்களிலும் இளைஞர்கள் விட்டுக்கொண்டிருந்த இந்தப் போட்டிக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவர, 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1955-ல் கான்சாஸ் மாகாணத்தின் கிரேட் பெண்ட் நகரில் அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது. பச்சை விளக்கு மரம் 1963-ல் வந்து சேர்ந்தது.

1964-ல் பான்டியாக் கம்பெனி 'ஜி.டி.ஓ.' என்ற காரை விற்பனைக்கு விட்டது. நடுத்தர அளவுள்ள குடும்பக் காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைத் தூக்கி வைத்த தந்திரம்தான் அது. இளைஞர்கள் மொய்த்தார்கள். மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 'மஸில் கார்' என்று பின்னால் பெயர் பெற்ற அந்த வம்சம் 1970-ல் உச்சத்தைத் தொட்டது. புகைக் கட்டுப்பாடு, இன்ஷூரன்ஸ் கட்டணம், பெட்ரோல் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் அதை அமுக்கிவிட்டன. எஞ்சிய கார்கள் இன்று பொக்கிஷம். அந்தப் பொக்கிஷத்தைப் பந்தயப் பாதையில் இறக்கலாமா, இறக்கினால் அதன் இடுப்பு தாங்குமா என்பதுதான் சொந்தக்காரர்களை உறங்கவிடாத கேள்வி.

இரண்டு டன் முறுக்கு

1970-ம் ஆண்டு ஷெவர்லே ஷெவல் காரில் கிடைத்த 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கம்பெனி சொன்ன கணக்குப்படி அதன் முறுக்கு விசை 500 பவுண்டு-அடி. ஓர் அடி நீளக் கடப்பாரையின் நுனியில் 500 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் மறு நுனியில் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு.

இது எஞ்சினில் பிறக்கும் முறுக்கு. அச்சுக்கு வந்து சேருவது வேறு. முதல் கியர் அதை 2.20 மடங்கு பெருக்குகிறது. அப்புறம் பின் அச்சின் நடுவிலுள்ள குண்டுக்குள் போகிறது. நம் லாரிப் பட்டறைகளில் 'கிரவுன்–பினியன்' என்கிறார்களே, அந்த ஜோடி அங்கேதான் இருக்கிறது. பந்தயத்துக்கென்று 4.10 பல் விகிதம் போட்டிருந்தால் அங்கே மறுபடியும் 4.10 மடங்கு பெருகுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 4,510 பவுண்டு-அடி. அதே ஓரடிக் கடப்பாரையில் இரண்டு டன்னுக்குமேல் தொங்குகிறது! இரண்டு பக்கத் தண்டுகளும் இதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதிலும் கிளச்சை ஒரேயடியாக விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் கனமான சக்கரத்தின் வேகமும் சேர்ந்து சம்மட்டி அடியாக இறங்கும். அந்த அடி கணக்குக்குள் அடங்காது.

அப்படியானால் அந்த நாளில் கடையிலிருந்து வாங்கி ஓட்டிய கார்களெல்லாம் ஏன் முறியவில்லை? டயரைத்தான் வாழ்த்த வேண்டும். அக்காலத்து டயர் ஒடுக்கமானது, பிடிப்புக் குறைவு. முறுக்கு ஓரளவு ஏறியதுமே அது தரையில் வழுக்கிப் புகை கக்கிவிடும். வீட்டில் மின்சாரம் மிஞ்சினால் ஃபியூஸ் போவதுபோல, டயர் வழுக்கி அச்சைக் காப்பாற்றிற்று.

பந்தயக்காரர் செய்யும் முதல் காரியம் இந்த ஃபியூஸைப் பிடுங்கி எறிவதுதான். 'ஸ்லிக்' எனப்படும், கோடுகள் இல்லாத, மெத்தென்ற அகல டயரைப் போடுகிறார். அதன்மீது தண்ணீர் விட்டு, சுழற்றிச் சூடேற்றி, ஒட்டும்படி செய்கிறார். பாதையிலும் பசை தெளிக்கப்பட்டிருக்கிறது. இனி டயர் வழுக்காது. ஆகவே சங்கிலியில் அடுத்த பலவீனமான கண்ணி எதுவோ அது அறும். எஞ்சினில் ஒரு குதிரைச் சக்தியும் கூட்டாமல், வெறும் டயரை மாற்றியே அச்சை முறித்தவர்கள் பலர்.

கடையாணி உள்ளே இருக்கிறது

மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. அது வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. ஷெவர்லேயின் '12 போல்ட்' அச்சில் (மூடியில் 12 போல்ட் இருப்பதால் இந்தப் பெயர்) அதே வேலையைச் செய்வது ஆங்கில 'சி' எழுத்துப் போன்ற ஒரு சிறு வளையம். அது இருப்பது சக்கரத்தின் பக்கத்தில் அல்ல. அச்சின் நடுக்குண்டுக்குள், தண்டின் உள்நுனியில். விபரீதம் இதில்தான். தண்டு வழியில் எங்காவது முறிந்தால், வளையம் உள்துண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வெளித்துண்டைப் பிடிக்க ஒன்றுமில்லை. சக்கரமும் பிரேக்கும் தண்டின் மிச்சமுமாகக் காரைவிட்டு வெளியேறிவிடலாம். மணிக்கு 100 மைல் வேகத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

அதனால்தான் சங்கத்தின் விதி கண்டிப்பாக இருக்கிறது. கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்குள்ளோ ஓடும் கார் எதுவானாலும், கம்பெனித் தண்டைக் கழற்றிவிட்டுப் பந்தயத் தண்டு போட வேண்டும்; சக்கரத்தின் பக்கமே பிடித்து நிறுத்தும் தனி அமைப்பும் வேண்டும். ஸ்லிக் டயருடன் 13.99 விநாடிக்குள் ஓடும் கார்களுக்கு இன்னொரு நிபந்தனை: முன்னாலிருந்து பின் அச்சுக்கு வரும் நீண்ட சுழல் தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் கட்ட வேண்டும். முன் ஜாயிண்ட் உடைந்து தண்டின் தலை தரையில் குத்தினால், கழி ஊன்றித் தாண்டுகிறவனைப்போல் கார் எழும்பிவிடக்கூடும்.

உடைந்த உருக்கு என்ன செய்யும் என்பதற்கு டான் கார்லிட்ஸ் சாட்சி. 1970 மார்ச் 8-ந் தேதி, கலிபோர்னியாவில் லயன்ஸ் மைதானத்தில், அவருடைய பந்தய வண்டியின் கியர்ப்பெட்டி வெடித்தது. வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டவர் எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டினார். 1971-ல் அந்த வண்டி ஜெயித்ததும் மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

எந்த அச்சு தாங்கும்?

இதில் ஆளுக்கொரு கட்சி. ஆனால் கம்பெனிகளின் செய்கையே ஒரு துப்புக் கொடுக்கிறது. கிரைஸ்லர் கம்பெனி தன் பெயர்பெற்ற 426 ஹெமி எஞ்சினை ஆட்டோமாட்டிக் கியருடன் விற்றபோது தன்னுடைய 8¾ அங்குல அச்சே போதும் என்று விட்டது. அதே எஞ்சினுக்கு நாலு கியர் கைமாற்றுப் பெட்டி கேட்டவருக்கு மட்டும் 'டானா 60' என்ற, 9¾ அங்குலக் கிரவுன் கொண்ட, லாரிக்குரிய அச்சைக் கொடுத்தது. எஞ்சின் ஒன்றுதான், பலமும் ஒன்றுதான். வித்தியாசம் கிளச்சின் அடி. ஆட்டோமாட்டிக்கில் எண்ணெய் நடுவில் நின்று அடியை வாங்கிக்கொள்கிறது. அச்சை முறிப்பது பலத்தைக் காட்டிலும் அதிர்ச்சிதான் என்பதைக் கிரைஸ்லர் எஞ்சினீயர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

போர்டு கம்பெனியின் '9 அங்குல' அச்சு 1957-ல் வந்து 1986 வரை நீடித்தது. மற்ற அச்சுகளில் பினியனை இரண்டு பேரிங்குகள் ஒரே பக்கத்திலிருந்து தாங்குகின்றன. பளு ஏறும்போது பினியன் கிரவுனைத் தள்ளிவிட்டு நழுவப் பார்க்கும். பற்கள் நுனியில் மட்டும் தொட்டு நறுங்கும். போர்டில் பினியனின் வால் நுனிக்கும் ஒரு மூன்றாவது பேரிங் உண்டு. பல்லக்குக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி. நடுக்குண்டை முன்புறமாக அப்படியே கழற்றி வேறு பல் விகிதத்தை மாட்டிவிடவும் முடியும். இன்று ஷெவர்லே பக்தர்கள்கூட வாய்மூடித் தங்கள் காருக்குள் போர்டு அச்சைச் செருகிக்கொள்வது இதனால்தான். குறை இல்லாமல் இல்லை. பினியன் மிகவும் கீழே இறங்கியிருப்பதால் பற்கள் உராய்வது அதிகம். கொஞ்சம் பலம் சூடாகவே வீணாகிறது.

தண்டின் பருமனில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 28 வரிப்பல் வெட்டிய பழைய தண்டு சுமார் 1.2 அங்குலம், பந்தயத்துக்கான 35 பல் தண்டு சுமார் 1.5 அங்குலம். கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான பருமனில் வலிமை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. தண்டை மாற்றுவதற்குமுன் குரோம்–மாலிப்டினம் உருக்கைப் பற்றி மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறவர்கள் முதலில் இந்தக் கால் அங்குலத்தைக் கவனிப்பது நல்லது.

இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி 'ஸ்பூல்' என்ற திடக்கட்டை போட்டால் நேராகப் பாயும் என்பது உண்மை. ஆனால் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்து மற்றது பிடித்துக்கொண்டால், மேலே சொன்ன 4,510-ம் ஒரே தண்டின் தலையில் விழும். பல்லுக்கும் இந்தக் கதை உண்டு. தெருவுக்கான கிரவுன் மேல்தோல் இறுகியது. நீண்ட நாள் தேயாது, ஆனால் அடி பட்டால் வெடிக்கும். பந்தயக் கிரவுன் சற்று மெதுவான உருக்கு. அடியை வாங்கும், சீக்கிரம் தேயும். இரண்டையும் ஒரே காரில் எதிர்பார்க்க முடியாது.

குதிக்கும் சக்கரம்

தடியான தண்டு போட்டும் முறிகிறதே என்று புலம்புகிறவர்கள் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். சக்கரம் முன்னே சுழலும்போது அச்சு பின்னே திருகிக்கொள்ள முயல்கிறது. பட்டை ஸ்பிரிங் பாம்புபோல் வளைந்து, பொறுக்க முடியாமல் திமிறி நிமிர்கிறது. டயர் தரையைவிட்டுத் துள்ளி மறுபடி விழுகிறது. விழும் ஒவ்வொரு முறையும் வேகமாய்ச் சுழலும் டயர் சட்டென்று தரையைக் கவ்வ, அச்சுக்கு ஓர் அடி. விநாடிக்குள் பல அடி. இந்தத் துள்ளல் கொன்ற அச்சுகளுக்குக் கணக்கில்லை. கிரைஸ்லர் பந்தய ஸ்பிரிங்குகளில் அச்சுக்கு முன்பக்கப் பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். சுழல் தண்டின் எதிர்முறுக்கு வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்ப்பதால் வலப்பக்க ஸ்பிரிங் இன்னும் பலமாகச் செய்யப்பட்டது. மற்றக் கார்களுக்கு அச்சையும் சட்டத்தையும் இணைக்கும் இழுவைக் கம்பிகள் கிடைக்கின்றன. புது அச்சின் விலையில் இது சிறு தொகை. ஆயினும் முறிந்தபிறகே பலருக்கு இதன் நினைவு வருகிறது!

பழைய காருக்கு மதிப்பே அதன் உறுப்புகள் கம்பெனியில் பூட்டியவையாக இருப்பதில்தான். அச்சின் மீது பொறித்த எண்ணும் தேதியும் காரின் தேதியுடன் பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள் வாங்குகிறவர்கள். அந்த அச்சு பந்தயத்தில் வெடித்தால், அதேபோன்ற வேறொன்று வாங்கலாம். அதே அச்சு கிடைக்காது. விவரமறிந்தவர் கம்பெனி அச்சை முழுசாகக் கழற்றி, எண்ணெய் தடவி, கொட்டகையில் பத்திரப்படுத்திவிட்டு, வேறோர் அச்சுடன் பந்தயத்துக்குப் போகிறார். பணவசதி இல்லாதவர் தெரு டயருடன், பாதி வேகத்தில் புறப்பட்டுத் திருப்தி அடைகிறார். இரண்டும் புத்திசாலித்தனமே. கம்பெனி அச்சில் ஸ்லிக் டயரை மாட்டிக்கொண்டு, அதிர்ஷ்டத்தை நம்பி கிளச்சை விடுகிறவரைத்தான் என்ன சொல்வது?

புதுத் தண்டும் சாசுவதமல்ல. ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் திருகி மீள்கிறது. ஒருநாள் மீளாமல் நின்றுவிடும். ஆகவே பழகிய பந்தயக்காரர்கள் புதுத் தண்டைப் பூட்டுமுன் அதன் நீளவாட்டில் வர்ணத்தால் நேராக ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். பருவ முடிவில் உருவிப் பார்ப்பார்கள். கோடு நேராக இருந்தால் மறுபடி உள்ளே போகும். கயிற்றுப் புரிபோல் சாய்ந்திருந்தால், அன்றைக்கே பழைய இரும்புக் குவியலில் போய் விழும்.