பெரிய பிரேக் போட்டாச்சு, இனி எந்த வீல்?

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு காரவள்ளி பக்கம் இறங்கும்போது, பாதி வளைவு தாண்டினதும் என் போலோவின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. காரில் அப்பா, அம்மா, தங்கச்சி. கியரை இரண்டுக்கு இறக்கி, ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். பெரம்பலூர் வந்து சேரும்வரை யாரும் பேசலை.

அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோட சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 1.37 கோடி ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாகணும். 30 டிகிரியில் இருக்கிற 45 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு அது. காற்றும் எஞ்சினும் எடுத்துக்கிட்டது போக மீதி எல்லாம் டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான். நான் எஞ்சினுக்கு வேலையே கொடுக்காம, மூணாவது கியரில் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன். பிரேக் ஆயிலும் பழசு. டாட் 4 ஆயில் புதுசா இருந்தால் குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினபிறகு அதுக்கான குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான்.

ஆயிலை மாத்திட்டு, இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரப் பழகியிருந்தால் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா ஆசை யாரை விட்டது? முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்.எஸ். காரிலிருந்து கழட்டின 312 மி.மீ. டிஸ்க், காலிப்பர் ஒரு ஜோடி கிடைச்சது. என் காரில் இருந்தது 256 மி.மீ. இரண்டுக்கும் போல்ட் அமைப்பு ஒண்ணுதான், 5×100. (தாங்கி, ஹோஸ் மாத்தின கதைக்குத் தனிக் கட்டுரை வேணும்.) ஒண்ணைச் சொல்லிடறேன்: பெரிய டிஸ்க் போட்டதால் முதல் பிரேக்கில் கார் சீக்கிரம் நின்னுடாது. வீலை லாக் பண்ற அளவு பலம் பழைய பிரேக்குக்கே உண்டு. நிறுத்தறது டயர். பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான்.

312 மி.மீ. டிஸ்க் 15 அங்குல ரிம்முக்குள் போகாது, 16 வேணும். இது எல்லாரும் சொல்றதுதான். அதைக் கேட்டுட்டு ஏதோ ஒரு 16 அங்குல அலாய் வாங்கறதுதான் தப்பு. அங்குலக் கணக்கு டயர் உட்காரும் இடத்தோட விட்டம். காலிப்பர் உட்காரும் உள்குழல் எவ்வளவு அகலம்னு அது சொல்லாது. வார்ப்பின் தடிமனைப் பொறுத்து மாடலுக்கு மாடல் மாறும். ஹப் மையத்திலிருந்து காலிப்பரின் வெளி முதுகு வரை அளந்தேன்: 183 மி.மீ. நான் பார்த்த வீலில் அந்த இடத்தில் உள் ஆரம் 188. அஞ்சு மி.மீ. இடைவெளி தாராளம்னு தோணும். ஆனா பேலன்சிங் கடையில் உள்பக்கம் ஒட்டற ஈயக்கட்டி என் வீலில் 4 மி.மீ. தடிமன். ஒட்டும்போது பக்கத்தில் நின்னு, "அண்ணே, காலிப்பருக்கு நேரா வேணாம், உள் ஓரமா ஒட்டுங்க"னு சொல்லணும்.

எங்க ஊருக்குன்னே இன்னொரு தலைவலி உண்டு. பெரம்பலூர்–அரியலூர் சாலையில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திப் போற டிப்பர்கள் சிந்தற பொடிக்கல். ரெண்டு மூணு மி.மீ. இடைவெளி இருந்தால் ஒரு சின்னக் கல் உள்ளே மாட்டி ரிம்மைச் சுத்தி கோடு இழுத்துடும்.

குழல் இடைவெளியைவிட ஏமாத்தறது ஸ்போக் இடைவெளி. காலிப்பரின் முகம் ஸ்போக்கின் முதுகில் இடிக்குமா என்பது ரிம் அங்குலத்தில் இல்லை. ஸ்போக்கின் வளைவிலும் ஆஃப்செட்டிலும் இருக்கு. ஆஃப்செட் என்பது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். வீலுக்குப் பின்னால் ஈ.டி. 38, ஈ.டி. 45 என்று பொறிச்சிருக்கும். ஒரே வார்ப்பில் இரண்டும் வந்தால், 45 போட்டவுடன் மொத்த வீலும் 7 மி.மீ. உள்ளே போகும், ஸ்போக்கும் கூடவே. அதனால எண்ணை மட்டும் பார்க்காம, காலண்டர் அட்டையில் காலிப்பரின் பக்கத் தோற்றத்தை வெட்டி, வீலைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே சுத்திப் பார்க்கணும். பெரிய பிரேக் விற்கிற கம்பெனிகள் இந்த அச்சை முழு அளவிலேயே தருவாங்க. ஜெராக்ஸ் கடையில் அதைப் பக்கத்துக்குள் அடக்கி 97 சதவீதத்தில் அடிச்சுட்டா, 183-ல் அஞ்சரை மி.மீ. காணாமப் போயிடும். ஸ்கேல் வச்சு ஒரு தடவை சரிபாருங்க.

நானும் அட்டை வெட்டினேன். ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் 7 மி.மீ. இருந்தது. மாட்டி மூணு மாசம் ஓட்டினேன், சத்தமே இல்லை. அப்புறம் புது பேட் போட்டேன். ஜாக்கில் தூக்கிச் சுத்தினப்ப வீல் சுலபமாச் சுத்திச்சு. மறுநாள் அம்மாவோட அரியலூர் போகும்போது, ஒரு திருப்பத்தில் "கிர்ர்"னு உலோகம் உரசற சத்தம். கழட்டிப் பார்த்தால் அஞ்சு ஸ்போக்கின் முதுகிலும் பளபளன்னு கோடு.

காரணம் எளிசு, எனக்குத்தான் தோணலை. இது மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும். வெளிப்பக்க பேட் தேயத் தேய காலிப்பர் உடம்பே காரின் உள்பக்கமா நகரும். நான் அளந்தது தேய்ஞ்ச பழைய பேடோட. புது பேட் போட்டதும் காலிப்பர் 6 மி.மீ. வெளியே வந்துடுச்சு. மிச்சம் 1 மி.மீ. நேரா நிக்கும்போது அது போதும். திருப்பத்தில் பாரம் விழுந்து வீலும் ஹப்பும் லேசா வளையும்போது போதாது. இரண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கிற நிலையான காலிப்பரில் இந்தப் பிரச்சினை வராது. மிதக்கும் வகைன்னா, புது பேட் போட்டுத்தான் அளக்கணும்.

"அஞ்சு மி.மீ. ஸ்பேசர் வைங்க தம்பி"ன்னாங்க ஒரு கடையில். போலோவில் நட்டு இல்லை, போல்ட். 1.5 மி.மீ. புரியில் அஞ்சு மி.மீ. போனால் மூணு சுத்துக்கு மேல் பிடிமானம் போச்சு. நீள போல்ட் போடலாம்தான். ஆனா வீலை மையத்தில் நிறுத்தற 57.1 மி.மீ. ஹப் விளிம்பும் ஸ்பேசருக்குள்ளேயே புதைஞ்சிடும். வேண்டாம்னுட்டேன். அதே வீலை நஷ்டத்துக்கு வித்துட்டு, ஸ்போக் வெளியே குவிஞ்ச வேற மாடல் வாங்கினேன். புது பேடோட 6 மி.மீ. இருக்கு.

டயர் 185/60 ஆர்15-லிருந்து 195/50 ஆர்16. விட்டம் 603-லிருந்து 601 மி.மீ., ஸ்பீடோமீட்டர் ஏமாத்தாது. ஆனா பக்கச்சுவர் 111-லிருந்து 97-க்கு இறங்கிடுச்சு. டிப்பர் ஓடிப் பள்ளமான ரோட்டில் அந்த 14 மி.மீ. வித்தியாசம் ரிம்முக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் அளவை மாத்தறதைக் கட்டுப்படுத்துது என்பதையும், இன்சூரன்ஸ்காரர் அதைக் கேட்பார் என்பதையும் வாங்கறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்குங்க.

இன்னொரு தடவை செய்றதா இருந்தால் ஆக்டேவியாவின் 288 மி.மீ. டிஸ்க்கோடு நிறுத்திக்குவேன். அது 15 அங்குல ரிம்முக்குள்ளேயே போகும், பழைய டயரும் அப்படியே இருக்கும். அதுக்கும் முதல்ல புது பேடைப் போட்டுட்டு, காலண்டர் அட்டையை வெட்டிடுவேன்.