அணு உலையா, காற்றாலையா? மின்பட்டியலில் அச்சிடப்படாத கணக்கு

ஆண்டுக்கொருமுறை மின்கட்டணக் கடிதம் வந்து சேரும் நாட்களில் எமது மக்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே பேச்சுத்தான். ஜேர்மனி தன் அணு உலைகளை மூடியது மடமை என்றும், காற்றாடிகளையும் கூரைத் தகடுகளையும் நம்பிப் போனதனாலேயே நாம் இவ்வளவு கட்ட நேர்ந்தது என்றும் கோயில் மண்டபத்திலும் கடை வாசலிலும் கேட்கிறோம். உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் நாள் முழுவதும் நின்று உழைக்கும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 3,500 அலகு மின்சாரம் என்றால், அலகொன்று 40 சதம் வீதம் 1,400 யூரோ ஆகிறது. அகதி விடுதியில் இருக்கும் வரை இந்தச் சுமை தெரிவதில்லை. வதிவிட அனுமதி பெற்றுத் தனிவீடு புகுந்தவர்களுக்கு முதலாண்டு முடிவில் வரும் மேலதிகக் கட்டணக் கடிதமே முதல் அதிர்ச்சி. ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விடை பாதி உண்மை மட்டுமே.

இதை ஆராய்வதற்குப் பான் நகரை விடப் பொருத்தமான இடம் இல்லை. 1979 ஒக்டோபர் 14ஆம் திகதி, பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள ஹோவ்கார்டன் புல்வெளியில் ஓரிலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அணுமின்சாரத்துக்கு எதிராகத் திரண்டனர். அதற்கு முன் அத்துணை பெரிய அணு எதிர்ப்புக் கூட்டத்தை மேற்கு ஜேர்மனி கண்டதில்லை. அதே நகரில்தான் அரசாங்கமும் இருந்தது. அணு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிய அமைச்சுகளும் இருந்தன. தலைநகர் பேர்லினுக்குப் போன பின்னரும் மின்வலையமைப்பைக் கண்காணிக்கும் சமஷ்டி நிறுவனம் இங்கேயே இயங்குகிறது. ஐக்கிய நாடுகளின் காலநிலைச் செயலகம் 1996 முதல் இங்கே இருக்கிறது. சர்வதேச புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகத்தின் ஸ்தாபக மாநாடும் 2009 ஜனவரியில் இங்கேதான் கூடியது.

பானிலிருந்து ரைன் நதியோரமாகக் கொப்ளென்ஸ் நோக்கிப் புகையிரதத்தில் சென்றவர்களில் பலருக்கு, அன்டர்நாஹ் தாண்டியதும் தென்பட்ட ஒரு மாபெரும் குளிரூட்டுக் கோபுரம் நினைவிருக்கும். 162 மீற்றர் உயரம். அதிலிருந்து நீராவி எழுந்ததைக் கண்டவர்கள் மிகச் சிலரே. அதுவே மூல்ஹைம்-கேர்லிஹ் அணுமின் நிலையம். 1975இல் கட்டத் தொடங்கி, சுமார் 700 கோடி மார்க் செலவிட்டு, 1987 ஓகஸ்டில் முறையான உற்பத்தியை ஆரம்பித்து, 1988 செப்ரெம்பரில் நிறுத்தப்பட்டது. பதின்மூன்று மாதங்கள்!

நிறுத்தியது விபத்தன்று, ஒரு தீர்ப்பு. முதலில் அனுமதி பெற்ற இடத்தின் அடியில் நிலப்பிளவு இருப்பது தெரியவந்ததும் உலைக் கட்டடத்தைச் சுமார் 70 மீற்றர் தள்ளிக் கட்டினார்கள். ஆனால் புதிய இடத்துக்கான பூகம்ப அபாயத்தை முறைப்படி மீளாய்வு செய்யவில்லை. அந்தப் பிரதேசமோ எரிமலைப் பூமி. அருகிலுள்ள லாஹர் ஏரி சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய். எதிர்க்கரையிலுள்ள நொய்வீட் நகரமும் சுற்றுவட்டார மக்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 1988 செப்ரெம்பர் 9ஆம் திகதி சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் கட்டட அனுமதியை இரத்துச் செய்தது. கம்பனி புதிய அனுமதி பெற்றுப் பார்த்தது. 1998இல் அதுவும் இறுதியாகத் தோற்றது. கோபுரம் 2019 ஓகஸ்ட் 9இல் இடிந்து வீழ்த்தப்பட்டது.

அந்த 700 கோடி மார்க்கைக் கட்டியவர் யார்? 1998 வரை ஜேர்மனியில் மின்கம்பனிகள் ஒவ்வொன்றும் தத்தம் பிரதேசத்தில் தனியுரிமை பெற்றிருந்தன. வாடிக்கையாளர் வேறு கம்பனிக்கு மாற முடியாது. செலவுகளைக் கட்டணத்தில் சேர்க்க அரசு இடமளித்தது. ஆகவே கட்டியவர்கள் பாவனையாளர்களே. ஆனால் அவர்களது மின்பட்டியலில் அணு உலைக்கென ஒரு தனி வரி அச்சிடப்பட்டதில்லை. உலைகளைப் பிற்காலத்தில் கலைப்பதற்கென ஒதுக்கிய பணத்துக்கும் வரிவிலக்கு உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு கம்பனிகள் வேறு தொழில்களை வாங்கின. ரைன் நதியின் வடபகுதியில் கல்கார் என்னுமிடத்தில் ஏறக்குறைய இதே அளவு செலவில் கட்டிய வேக ஈனுலை, எரிபொருளே ஏற்றப்படாமல் 1991இல் கைவிடப்பட்டது. இன்று அது ஒரு பிள்ளைகள் களியாட்டப் பூங்கா. குளிரூட்டுக் கோபுரத்துக்குள்ளே ராட்டினம் சுழல்கிறது. அந்த ராட்டினத்துக்கு நாம் வேறு நுழைவுச் சீட்டு வாங்குகிறோம்.

இனி மறுபக்கம். 1990 இலையுதிர் காலத்தில், இரு ஜேர்மனிகளும் ஒன்றாவதற்கிடையில், பான் பாராளுமன்றம் சிறிய சட்டமொன்றை நிறைவேற்றியது. அப்போது புதிய மண்டபம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தமையால் உறுப்பினர்கள் பழைய நீரேற்று நிலையமொன்றில் கூடினார்கள். பவேரியக் கிராமங்களில் சிறு நீர்மின் ஆலைகளை வைத்திருந்தோரின் குறையைக் கொண்டுவந்தவர் பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எங்கெல்ஸ்பெர்கர். அவரோடு கைகோத்தவர் பசுமைக் கட்சியின் வொல்ஃப்காங் டானியல்ஸ். இரு கட்சிகளும் ஒரே தாளில் ஒப்பமிடுவதை அன்றைய அரசியல் அனுமதிக்கவில்லை என்பது தனிக்கதை. சட்டம் சொன்னது இவ்வளவே: காற்றிலோ சூரியனிலோ யார் மின்சாரம் செய்தாலும் பிரதேசக் கம்பனி அதை வாங்கியே ஆகவேண்டும், பாவனையாளரிடம் பெறும் சராசரி விலையில் 90 வீதத்தைக் கொடுக்கவும் வேண்டும். பெரிய கம்பனிகள் அப்போது கிழக்கு ஜேர்மனியின் மின்துறையை விழுங்குவதில் மும்முரமாயிருந்தன. இந்தச் சிறு சட்டத்தை அவை பொருட்படுத்தவில்லை. 1993இல் அதே கம்பனிகள் பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் செய்தன: சூரியன், நீர், காற்று மூன்றும் சேர்ந்தாலும் நீண்டகாலத்திலும் நாட்டின் தேவையில் 4 வீதத்துக்கு மேல் கொடுக்க இயலாதாம். 2024இல் புதுப்பிக்கத்தக்க சக்தியின் மொத்தப் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது.

2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், சூரியத் தகடு வைத்தவருக்கு அலகுக்கு 99 பெனிக் என்று இருபது ஆண்டுகளுக்கு உறுதியளித்தது. இதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் ஹெர்மன் ஷேர். அவர் தொடங்கிய யூரோசோலார் சங்கத்தின் அலுவலகமும் பானில்தான். 99 பெனிக் அக்காலத்தில் சந்தை விலையைப் போல் பன்மடங்கு. வேண்டுமென்றே கொடுத்த அந்த அதிக விலைதான் உலகில் தகடு செய்யும் தொழிலையே வளர்த்தது. இன்று புதிய கூரைத் தகடுக்கு ஜேர்மனி கொடுப்பது சுமார் 8 சதம். வயல்வெளியில் அமைக்கும் பெரிய நிலையங்கள் கேள்விப்பத்திரப் போட்டியில் சுமார் 5 சதத்துக்கே முன்வருகின்றன. படிப்புச் செலவை ஜேர்மன் பாவனையாளர் கட்டினார். பயனை உலகமே பெற்றது.

அந்தப் படிப்புச் செலவு மின்பட்டியலில் தனி வரியாக, கண்ணைக் குத்தும்படி அச்சிடப்பட்டது என்பதே இங்கு முக்கியம். சுற்றாடல் அமைச்சராயிருந்த யூர்கன் திரித்தின் 2004இல், ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு யூரோ, அதாவது ஒரு கரண்டி ஐஸ்கிறீம் விலைதான் ஆகும் என்றார். 2017இல் அந்த மேலதிகக் கட்டணம் அலகுக்கு 6.88 சதமாகியது. 3,500 அலகு பாவிக்கும் குடும்பத்துக்கு மாதம் 20 யூரோ, விற்பனை வரி நீங்கலாக. திரித்தினின் கரண்டி மிகப் பெரியது என்று மக்கள் கேலி செய்ததில் வியப்பில்லை. ஆயினும் இந்தத் தொகை ஏன் இப்படி வீங்கியது என்பதையும் சொல்லவேண்டும். உறுதியளித்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே மேலதிகக் கட்டணம். காற்றாலைகள் பெருகச் சந்தை விலை வீழ்ந்தது. விலை வீழ வித்தியாசம் அகன்றது. மலிவு கூடக்கூடப் பட்டியலில் அந்த வரி பெருத்தது. மின்சாரத்தைப் பெருமளவில் பாவிக்கும் கைத்தொழில்களுக்கு விலக்களித்து, அவற்றின் பங்கையும் வீடுகளின் தலையில் வைத்தார்கள். இதை அநீதி என்றே நாம் சொல்வோம்.

2022 யூலை முதலாம் திகதி அக்கட்டணம் பூச்சியமாக்கப்பட்டது. இன்று அச்செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து போகிறது. ஆண்டுக்கு ஆயிரங்கோடி யூரோவுக்கு மேல். காற்றாலைகள்தான் காரணமெனில் விலை இறங்கியிருக்க வேண்டுமே? மாறாக 2023இல் அலகு விலை சுமார் 45 சதத்துக்கு ஏறியது. ரஷ்யா உக்ரெயினுக்குள் படையெடுத்ததும் எரிவாயு விலை எகிறியது. மின்சந்தையில் அந்த மணி நேரத்துக்குத் தேவைப்படும் கடைசி ஆலையின் விலையே எல்லோருக்கும் விலை. அந்தக் கடைசி ஆலை பெரும்பாலும் எரிவாயு ஆலை. 2023 ஏப்ரல் 15இல் மூடப்பட்ட கடைசி மூன்று உலைகளும் முந்திய ஆண்டில் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 6 வீதத்தையே கொடுத்திருந்தன.

அணுமின்சாரத்தை ஆதரிப்போர் சொல்வதில் உண்மையே இல்லையென்று நாம் வாதிடவில்லை. கட்டிமுடித்துக் கடனும் தீர்ந்த பழைய உலை மலிவாகவே மின்சாரம் தரும். நிலக்கரி ஆலைகளை முதலில் மூடி, உலைகளைப் பின்னர் மூடியிருந்தால் காற்று தூய்மையாக இருந்திருக்கும் என்பது எமது கருத்துமாகும். காற்றும் வெயிலும் ஒருங்கே ஓயும் குளிர்கால நாட்களும் உண்டு. 2024 டிசெம்பர் 12 மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மொத்த விலை மெகாவாற்று மணிக்கு 936 யூரோவைத் தொட்டது. வடக்கின் காற்றைத் தெற்கின் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்லும் பெரிய மின்பாதை இன்னும் முடியவில்லை. பட்டியலில் ஏறக்குறைய கால்பங்கு வலையமைப்புக் கட்டணமே.

ஆனால் புதிதாக உலை கட்டுவோம் என்பவர்கள் அயல்நாடுகளைப் பார்க்கட்டும். பிரான்சின் ஃபிளமான்வில் உலை 2007இல் 330 கோடி யூரோ மதிப்பீட்டில் தொடங்கி, 1,300 கோடியைத் தாண்டி, 2024 டிசெம்பரில்தான் வலையமைப்பில் இணைந்தது. பின்லாந்தின் ஒல்கிலுவோத்தோ பதினெட்டு ஆண்டுகள் எடுத்தது. பிரித்தானியா ஹிங்க்லி பொயின்ற் உலைக்கு உறுதியளித்த விலை 2012ஆம் ஆண்டு நாணயப் பெறுமதியில் மெகாவாற்று மணிக்கு 92.50 பவுண், பணவீக்கத்தோடு அதுவும் ஏறும். இங்கே உலைகளைத் திரும்பத் திறப்போம் என்று மேடையில் முழங்கும் கட்சியே எங்களைத் திருப்பியனுப்புவோம் என்றும் முழங்குகிறது. உலைகளின் சொந்தக்காரக் கம்பனிகளோ அந்த வியாபாரம் முடிந்துவிட்டது என்கின்றன.

கழிவின் கணக்கு இன்னும் திறந்தபடியே கிடக்கிறது. 2017இல் கம்பனிகள் 2,410 கோடி யூரோவை அரச நிதியமொன்றில் செலுத்தின. அத்துடன் கழிவைக் காக்கும் பொறுப்பு அவற்றின் கையை விட்டு நீங்கிற்று. அதற்கு மேல் ஆகும் செலவு வரி கட்டுவோருடையது. நிரந்தரமாகப் புதைக்கும் இடத்தை 2031இல் தெரிவுசெய்வோம் என்றார்கள். பொறுப்பான நிறுவனமே 2022இல் அதை 2046க்கும் 2068க்கும் இடையில் என்று மாற்றிவிட்டது. அஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் இறக்கிய சுமார் 126,000 பீப்பாய்கள் நீர்க்கசிவினால் மீண்டும் வெளியே எடுக்கப்படவேண்டியுள்ளன.

நடைமுறைக்கு உதவும் சில செய்திகள். புதுவீடு புகுந்தவர் தானாகச் சேர்க்கப்படும் அடிப்படை ஒப்பந்தம் பெரும்பாலும் விலை கூடியது. இரு வார அறிவித்தலில் அதை விட்டு வேறு கம்பனிக்கு மாறலாம். 2024 முதல் 800 வாற் வரையான பல்கனித் தகட்டை இலகுவான பதிவோடு பொருத்தலாம். அதே ஆண்டு ஒக்டோபரிலிருந்து தகுந்த காரணமின்றி வீட்டுக்காரர் அதை மறுக்க இயலாது. பதிவு செய்யும் இடம் பானிலுள்ள அதே வலையமைப்பு நிறுவனம்.

எமது மண்ணிலும் இந்த விலைப் பேச்சு வந்துவிட்டது. மன்னார்க் கடலுக்கு மறுகரையில் கூடங்குளத்தின் முதலிரு உலைகள் 13,171 கோடி ரூபா மதிப்பீட்டில் தொடங்கிப் பின்னர் 17,270 கோடியாக மீள்மதிப்பிடப்பட்டன. 1988இல் ஒப்பமிட்ட திட்டத்தின் முதல் உலை 2014 இறுதியிலேயே வணிக உற்பத்திக்கு வந்தது. இடிந்தகரை மீனவர்கள் கொடுத்த விலையை எந்த மதிப்பீட்டிலும் காணோம். மன்னாரில் இலங்கை மின்சார சபையின் 100 மெகாவாற்றுக் காற்றாலை நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. தொண்ணூறுகளில் துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வடபகுதிக்குக் காற்றாடி விரோதியாகாது. ஆயினும் அதானி நிறுவனத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் கேள்விப்பத்திரப் போட்டியின்றி, அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதத்துக்கு, இருபது ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அதே மன்னாரில் போட்டியில் வென்ற உள்ளூர் நிறுவனமொன்று 5 சதத்துக்கும் குறைவாகத் தர முன்வந்தது. புதிய அரசு விலையை மீள்பரிசீலித்தது. 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டார். வலசை வரும் பறவைகளையும் வெள்ள வடிகாலையும் மீன்பிடியையும் முன்வைத்து மன்னார் மக்கள் அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய கோபுரங்களை ஏற்றிவந்த பாரவூர்திகளை வீதியில் மறித்து நின்றனர்.