மேகம் மறைத்த வெள்ளியும் பிளாஸ்மா சிகிச்சையும்

ஒரு சிகிச்சையைச் சோதித்த ஆய்வு "புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடியும்போது, அம்முடிவு செய்தியாகி மக்களைச் சேர்வதற்குள் "அந்தச் சிகிச்சையால் பலன் இல்லை" என்று மாறிவிடுவதுண்டு, இவ்விரண்டும் ஒன்றல்ல. சிகிச்சைக்கு உண்மையில் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஆய்வில் தென்பட்ட அளவுக்கோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகவே தோன்றக்கூடிய வாய்ப்பை 'பி மதிப்பு' என்பர். அது வழக்கமான வரம்பாகிய 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்பது மட்டுமே முதல் கூற்றின் பொருள்.

கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவை நோயாளிகளுக்குச் செலுத்தும் சிகிச்சையை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்தது. 'பிளாசிட்' எனப்பட்ட அந்த ஆய்வில், பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 44 பேருக்கும் பெறாத 229 பேரில் 41 பேருக்கும் 28 நாட்களுக்குள் நோய் முற்றியது அல்லது இறப்பு நேர்ந்தது. இரு தரப்பின் ஆபத்து விகிதம் 1.04 என்றாலும், உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லைகளைக் காட்டும் 'நம்பிக்கை இடைவெளி' 0.71 முதல் 1.54 வரை நீண்டது. அதாவது, பிளாஸ்மா ஆபத்தை 29 விழுக்காடு குறைத்திருந்தாலும் 54 விழுக்காடு கூட்டியிருந்தாலும் இந்தத் தரவு அதனோடு முரண்படாது. பெருந்தொற்றின் நடுவே இத்தனை மருத்துவமனைகளை ஒருங்கிணைத்து முடித்த அரிய பணி அது; 464 பேரைக் கொண்டு அதைவிடத் துல்லியமாக அளக்க இயலாது என்பதே உண்மை.

இந்நிலையைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரி வரலாற்றிலேயே ஓர் ஒப்புமை உண்டு. சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதைக் காண இங்கு வந்து காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், 1769 ஜூன் 4 அன்று விடியலில் மேகம் மூடியதால் எதையும் காணவில்லை. ஆயினும் கடப்பு நிகழாமல் போகவில்லை, தெளிவாக இருந்த மணிலா வானில் அது தெரிந்தது. அகன்ற நம்பிக்கை இடைவெளி அந்த மேகத்தைப் போன்றது: பார்வைக்கு எட்டவில்லை என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது.

பிளாஸ்மாவைப் பொறுத்தவரை வானம் பின்னர் தெளிந்தது. பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு 11,558 நோயாளிகளைச் சேர்த்து இறப்பை மட்டும் முதன்மை அளவுகோலாகக் கொண்டபோது, இரு தரப்பிலும் 24 விழுக்காட்டினர் இறந்தனர். நம்பிக்கை இடைவெளியோ 0.93 முதல் 1.07 வரை என்று சுருங்கியது. பெரிய பலன் எதற்கும் இடமில்லை என்று துணிந்து சொல்ல அந்தக் குறுகிய இடைவெளிதான் வழிவிட்டது. இரண்டாம் அலையில் உறவினர்கள் பிளாஸ்மா கொடையாளர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்த 2021 மே மாதத்தில், இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது.