குழந்தை வறுமையும் அதனை அளக்கும் கோலும்

மலேசியாவில் வறுமையைக் கணக்கிடக் குடும்பத்தின் மாத வருமானமே நெடுங்காலமாக அளவுகோலாக இருந்து வருகின்றது. 2005ஆம் ஆண்டின் முறைப்படி அமைந்த வறுமைக் கோடு 980 ரிங்கிட்டாக நின்றது. அதன்படி 2016இல் நாட்டில் வறிய குடும்பங்கள் 0.4 விழுக்காடு மட்டுமே. குறைந்தபட்சக் கலோரிக்குப் பதிலாகச் சத்தான உணவை அடிப்படையாகக் கொண்ட புதிய முறை 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2016க்குரிய விழுக்காட்டையும் அம்முறையால் மீளக் கணக்கிட்டபோது அது 7.6 ஆயிற்று. மக்கள் மாறவில்லை, கோல்தான் மாறியது.

எனினும், திருத்தப்பட்ட கோலும் குடும்பத்தையே அளக்கின்றது, குழந்தையை அன்று. 2022இல் வறிய குடும்பங்கள் 6.2 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. அதே ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வோ, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருப்பதைக் காட்டியது. வளர்ச்சிக் குறைவிற்குத் தாயின் உடல்நலம், நோய்த்தொற்று முதலிய காரணங்களும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இத்துணைப் பெரிய இடைவெளியை வருமானக் கோடு சிறிதும் உணர்த்துவதில்லை.

இவ்விடத்தில், கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளைப் பற்றி யூனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வு நினைக்கத்தக்கது. அங்குள்ள குழந்தைகளுள் அன்றைய கோட்டின்படி முழு வறுமையில் இருந்தோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். ஒப்பீட்டு வறுமையில் இருந்தோரோ 99.7 விழுக்காட்டினர். ஐந்து வயதுக்குட்பட்டோருள் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 23 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையோராய் இருந்தனர். வயிறு நிறைவதும் சத்துக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தீர்வு காண்கையில் வயது முதன்மை பெறுகின்றது. தொடக்கப்பள்ளிகளில் நடைபெறும் துணை உணவுத் திட்டத்தைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். பசியோடு வரும் மாணவனுக்கு அதன் பயன் பெரிது. ஆனால் வளர்ச்சிக் குறைவு பெரிதும் கருவுற்ற காலத்திலும் முதல் இரண்டாண்டுகளிலும் நேர்வது. ஏழு வயதில் வழங்கும் உணவு அதனை எளிதில் ஈடுசெய்யாது. குடும்ப உதவித்தொகையான ரஹ்மா ரொக்க உதவி, வருமானத்தோடு பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கருதுவது வரவேற்கத்தக்கது. குழந்தையின் வயதையும் அது கருதவேண்டும் என்பதும், கருவுற்ற தாய்மாருக்கும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கும் கூடுதற் பங்கு ஒதுக்கவேண்டும் என்பதும் நம் கருத்தாகும்.